தண்ணீருக்கு வந்த கொழுப்பு

பெங்களூரில் கொழுப்பு பிடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொழுப்பை அளந்து சொல்வதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கியவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் உடம்பில் மருந்துக்குக்கூடக் கொழுப்பு கிடையாது. ஹேங்கரில் சட்டையை மாட்டி, ஹேங்கருக்கு ஒரு மூக்குக்கண்ணாடியும் மீசையும் வைத்து நடக்கவிட்டது மாதிரி இருப்பார். முன்னால் அவரை 'சார்' என்போம், முதுகுக்குப் பின்னால் 'கொழுப்புக்காரர்'. அப்படிச் சொல்வது அவருக்கும் தெரியும். அதற்கு மட்டும் அவருக்குக் கோபம் வராது. மற்ற எல்லாவற்றுக்கும் வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அடுகோடியில் இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவே தகரக் கொட்டகை போட்டு ஒரு சின்னத் தனியார் பால் கம்பெனி நடந்தது. பெயரைத் தேடாதீர்கள், இப்போது அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. ஜோலார்பேட்டையிலிருந்து வேலை தேடி வந்த நான் அங்கே டெஸ்பாட்ச் கிளார்க். அவர் கெமிஸ்ட். என் மேசைக்கும் அவர் லேபுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. முதலாளி சிக்கனக்காரர் என்பதால் தடுப்பு கூரைவரை போகாமல் பாதியில் நின்றுவிட்டது. அதனால் அவருடைய கோபம் முழுவதும் என் தலைக்கு மேலேதான் போய்வந்துகொண்டிருக்கும்.

அவர் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வரும் சண்டை விளங்காது. கழுத்து நீண்ட ஒரு கண்ணாடிக் குப்பி. அதில் முதலில் கந்தக அமிலம், அதன்மேல் அளந்த பால், கடைசியில் கொஞ்சம் அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கி, சுற்றுகிற மெஷினில் வைத்துச் சுற்ற வேண்டும். பாலில் இருக்கும் மற்றதையெல்லாம் அமிலம் கரைத்துக் கறுப்பாக்கிவிடும். கொழுப்பு மட்டும் மஞ்சளாகத் தெளிந்து கழுத்தில் ஏறி நிற்கும். எந்தக் கோடு வரை நிற்கிறதோ அதுதான் பாலின் தரம். இதில் அமைலின் வேலை, கொழுப்பைச் சுத்தமாகப் பிரித்துவிடுவது. பிரித்த கையோடு அது ஒதுங்கிக்கொள்ள வேண்டும், கொழுப்போடு போய் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

புதிதாக வேலைக்கு வந்தவன் எவனாவது, "சார், அமைல் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தான்.

"எந்த அமைல்?"

"அதான் சார், அமைல் ஆல்கஹால்."

"எந்த அமைல் ஆல்கஹாலுடா? எட்டுப் பேரு இருக்கான்! அஞ்சு கார்பன், பன்னெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். எட்டுப் பேருக்கும் அதே சாமான்தான். உக்கார்ற எடம்தான் வேற. உக்கார்ற எடம் மாறினா குணமே மாறிப்பூடும். நம்ம மேனேஜரை நீ பார்த்ததே இல்லியா?"

மேனேஜர் அந்தப் பக்கம்தான் இருப்பார். எல்லாம் அவர் காதிலும் விழும். கொழுப்புக்காரருக்கு அதைப் பற்றியெல்லாம் கவலை கிடையாது. பாதிப் பெயர் சொல்வது அவருக்குப் பெரிய குற்றம். "அண்ணன் வந்திருக்காரு" என்று வாட்ச்மேன் வந்து சொன்னால், "எந்த அண்ணன்? பெரியவனா, நடுவுலவனா? முழுசாச் சொல்லக் கத்துக்கோ!" என்று குதிப்பார். வந்திருப்பவர் வாட்ச்மேனின் சொந்த அண்ணனாக இருப்பார்.

ஆபீசில் இருந்தவர்களையெல்லாம் அந்த எட்டுப் பேரில் ஒருவராகச் சேர்த்துவைத்திருந்தார். "நீ நார்மல்மா. நேரா இருக்கே, கிளை கிடையாது" என்றார் என்னிடம். பாராட்டா திட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேனேஜர், நியோ. "மத்த ஏழு பேரும் தண்ணி மாதிரி ஓடுவான். நியோ மட்டும் நம்ம ஊர் குளிருக்குக் கல்லு. சூடு வெச்சாத்தான் உருகுவான்." தன்னை மட்டும் ஐசோ என்று சொல்லிக்கொள்வார். ஐசோ அமைல்தான் பால் சோதனைக்கு ஏற்றது, நாணயமானது, வந்த வேலையை முடித்துவிட்டு விலகிக்கொள்வது. தன்னைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம்தான்.

அந்த ஐசோவின் நாற்றம் லேசுப்பட்டதல்ல. மூக்கில் ஏறினால் தொண்டை அடைத்து இருமல் பிடுங்கும். ஆல்கஹால் என்று பாட்டிலில் எழுதியிருக்கிறதே என்று வாட்ச்மேன் ஒருநாள் ஆசையோடு மூடியைத் திறந்து ஆழமாக முகர்ந்துவிட்டு, கண்ணில் நீர் வழிய அன்று முழுக்க இருமினார். சாராய ஆலையில் கழிவாக ஒதுங்குவதுதான் இது. ஆனால் இதோடு வினிகரில் இருக்கிற அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் வாழைப்பழ வாசனை கிளம்பிவிடும். மிட்டாயிலும் ஐஸ்கிரீமிலும் வருகிற வாழைப்பழம் பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான் என்பார். ஒருநாள் கோபம் தலைக்கேறி, எங்களுக்கு நிரூபித்தே தீருவேன் என்று லேபில் அதைக் காய்ச்சிவிட்டார். கொட்டகை முழுக்க பழ மண்டி வாசனை. பக்கத்து லேத் பட்டறையிலிருந்து ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இன்றைக்கு என்ன பூஜை, பழம் எங்கே கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

ஐசோவின் நாற்றம் அவர் சட்டையோடு பஸ்ஸிலும் ஏறும். ஒருமுறை நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். கண்டக்டர் மூக்கைச் சுளித்து, "குட்கொண்டு ஹத்பேடி சார்" என்றார். குடித்துவிட்டு ஏறாதீர்கள் என்று அர்த்தம். கொழுப்புக்காரருக்கு வீட்டிலும் ஆபீசிலும் தமிழ், பஸ் சண்டைக்குக் கன்னடம். அவ்வளவுதான், பஸ் அதிர்ந்தது.

"யார்ரீ குடிதித்து? நீவு குடியோது எரடு கார்பன்! இது ஐது கார்பன்! ஐது!"

யார் குடித்தது, நீங்கள் குடிக்கிற சாராயத்தில் இரண்டு கார்பன், இதில் ஐந்து என்கிறார். கண்டக்டருக்கு 'ஐது' மட்டும்தான் காதில் விழுந்தது. சாவகாசமாக ஐந்து டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போக எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் கொட்டகையில் நடந்த ஒரு அநியாயத்தைச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

எங்கள் ஸ்டோர்ஸில் கேசவன் என்று ஒருவர் இருந்தார். சாமான் வாங்கிப் போடுவது அவர் பொறுப்பு. கொழுப்புக்காரர் அமைல் கேட்டு அனுப்பும்போதெல்லாம், கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி, "சாருக்குச் சாராயம் தீர்ந்துபோச்சுப்பா!" என்று கத்துவார். சிரிப்பார்கள். ஒருநாள் கொழுப்புக்காரர் ஸ்டோர்ஸ் வாசலில் நின்று, "இனிமே உன் வாசப்படி மிதிச்சா என்னைச் செருப்பால அடி!" என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்தார். தன்னிடமிருந்த நல்ல ஐசோ பாட்டில்களை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பனியனில் ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டார். அதன்பிறகு அவர் ஸ்டோர்ஸில் எதையும் கேட்கவுமில்லை, ஸ்டோர்ஸ் பக்கம் திரும்பவுமில்லை.

பால் வந்து இறங்குகிற டாக்கில் தனியாக ஒரு சோதனை மேசை இருந்தது. அதுவும் முன்பு அவர் கையில் இருந்ததுதான். "இந்த ஆள் ஒவ்வொரு கேனுக்கும் சண்டை போடறான், வண்டி நிக்குது" என்று மேனேஜர் அதைப் பிடுங்கித் தன் ஆட்களிடம் கொடுத்திருந்தார். அவர்களுக்கு அமைல் போனது ஸ்டோர்ஸிலிருந்து. பேக்கிங்குக்குப் போகும் முன் நடக்கிற கடைசிச் சோதனை மட்டும் கொழுப்புக்காரருடையது, அவர் பூட்டி வைத்த பாட்டிலிலிருந்து.

அந்தச் சமயம் பார்த்து ஊருக்கு ஐசோ ஜுரம் வந்தது. ஐசோ சர்டிபிகேட் என்று ஒரு தரச் சான்றிதழ். அதை வாங்கினால்தான் கம்பெனி, வாங்காவிட்டால் பெட்டிக்கடை என்று ஆகிவிட்டது. பட்டன் செய்கிறவன், பிரட் போடுகிறவன், எல்லாரும் வாசலில் போர்டு மாட்டினார்கள். எங்கள் மேனேஜருக்கும் ஆசை. முதலாளி முடியாது என்றுவிட்டார். அந்தக் கடுப்பில் மேனேஜர், வீண் செலவு எதுவும் கூடாது என்று ஸ்டோர்ஸுக்கு உத்தரவு போட்டார். டாக்கிலிருந்து வழக்கம்போல 'ஐசோ அமைல் ஆல்கஹால்' வேண்டுமென்று சீட்டு வந்தது. கேசவன் அதைப் பார்த்தார்.

"நம்ம கம்பெனிக்கே ஐசோ இல்ல. பாட்டிலுக்கு எதுக்கு ஐசோ? சாதா போதும்."

இப்படிச் சொல்லி 'ஐசோ'வைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, சாதா அமைல் ஆல்கஹாலுக்கு ஆர்டர் போட்டார். மிச்சம் பிடித்ததற்கு மேனேஜர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். கடைக்காரன் தன் குடோனில் எந்த அமைல் இருந்ததோ அதை அனுப்பிவைத்தான். இது எங்களுக்கெல்லாம் பின்னால்தான் தெரிந்தது.

கொஞ்ச நாளில் கணக்கு உதைத்தது. டாக்கில் வந்து இறங்குகிற பாலில் கொழுப்பு அதிகம் காட்டியது. பேக்கிங்கில் கொழுப்புக்காரர் அளந்ததையும், எடுத்த கிரீமையும் கூட்டினால் அந்த அளவு வரவில்லை. நடுவில் கொழுப்பு காணாமல் போகிறது. நடுவில் இருந்தது கிரீம் பிரிக்கிற மெஷின். மெஷினில் நின்றது ரத்தினம்.

ரத்தினம் மர்பி டவுன்காரர். கூலிவேலை பார்க்கிற தலித் குடும்பங்கள் நிறைய இருக்கிற பேட்டை அது. அதிர்ந்து பேசாத மனிதர். மெஷினைக் கழுவும்போது புத்தர் கோயில் பாட்டு ஏதாவது முணுமுணுப்பார். அவ்வளவுதான் அவர் சத்தம். மேனேஜர் முதலில் கேட்டில் வைத்து அவர் டிபன்பாக்ஸைத் திறக்கவைத்தார். அதில் ரசம்சாதம்தான் இருந்தது. "அப்போ வேற வழியில கொண்டுபோறான்" என்றார். பிறகு ஒரு சாயங்காலம் வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு கம்பெனி ஜீப்பில் மர்பி டவுனுக்கே போய்விட்டார். தெருவே பார்த்துக்கொண்டிருக்க ரத்தினத்தின் வீட்டுக்குள் நுழைந்து, அரிசிப் பானையிலிருந்து ஊறுகாய் ஜாடிவரை திறந்து முகர்ந்து பார்த்தார். ரத்தினத்தின் மனைவி மல்லிகா சிவாஜிநகரில் வெண்ணெய் வாங்கிக் காய்ச்சி வைத்திருந்த நெய் டப்பா ஒன்று அகப்பட்டது. அதை ஆதாரம் என்று தூக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் ஆபீசில் யாரோ, "ரத்தினமா சார்? அப்படிப்பட்ட ஆள் இல்லையே" என்றதற்கு அவர் சொன்ன பதில் இது:

"மர்பி டவுன்தானே? அப்புறம் என்ன கேக்கணும்?"

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த வாக்கியம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒரு மனிதனின் பேரைக் கெடுக்க அவன் பஸ் இறங்குகிற இடம் போதுமென்றால், அந்த வாயில் கந்தக அமிலத்தை ஊற்றினாலும் தப்பில்லை என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மேனேஜர் ஒரு அறிக்கை டைப் அடிக்கச் சொன்னார். டாக்கில் இவ்வளவு, பேக்கிங்கில் இவ்வளவு, நடுவில் திருட்டு. கெமிஸ்ட் கையெழுத்துப் போட்டால் ரத்தினத்தைப் போலீஸில் ஒப்படைத்துவிடலாம். அதை எடுத்துக்கொண்டு அவரே லேபுக்குள் போனார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என் ரீடிங் சரி" என்றது கொழுப்புக்காரர் குரல். "டாக் ரீடிங் சரின்னு நான் எப்படிப் போடறது?"

"எல்லாம் ஒரே டெஸ்ட்தானே?"

"ஒரே டெஸ்ட். அமைல் எந்த அமைல்?"

"யோவ், அமைல்னா அமைல்தான்!"

மேனேஜர் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டார். ஸ்டூல் கீழே விழுகிற சத்தம் கேட்டது. கொழுப்புக்காரர் லேபிலிருந்து புயலாகக் கிளம்பி, நான் பின்னாலேயே ஓட, டாக்குக்குப் போய், அங்கே இருந்த பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். இருமல் வரவில்லை. முகம் மாறியது.

"கற்பூரம்" என்றார். "கற்பூர வாசனை வருதும்மா. இது ஐசோ இல்ல."

பாட்டில் பாதி காலியாக இருந்தது, லேபிள் ஈரத்தில் ஊறிக் கிழிந்திருந்தது. சீல் உடைக்காத பாட்டில் வேண்டும். அது ஸ்டோர்ஸில்தான் இருக்கும். கொழுப்புக்காரர் நேராகப் போய் ஸ்டோர்ஸ் வாசற்படியைத் தாண்டினார். தாண்டியதும் குனிந்து ஒரு செருப்பைக் கழற்றிக் கேசவனிடம் நீட்டினார்.

"அடி."

"சார், என்ன சார் இது..."

"சத்தியம் பண்ணியிருக்கேன். அடிச்சுட்டு பாட்டிலக் குடு. சீக்கிரம்! நேரமில்ல!"

கேசவன் செருப்பை வாங்கி, குழந்தைக்குத் தடவிக்கொடுக்கிற மாதிரி அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். கொழுப்புக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு பாட்டிலோடு வந்தார். லேபிளில் பெரிய எழுத்தில் அமைல் ஆல்கஹால், அதற்கு முன்னால் எறும்பு ஊர்கிற மாதிரி 'டெர்ஷியரி' என்று இருந்தது, எட்டுப் பேரில் வேறொருவன். யாரும் படித்திருக்கலாம். யாரும் படிக்கவில்லை.

லேபில் எல்லாரையும் நிற்கவைத்து இரண்டு குப்பி எடுத்தார். இரண்டிலும் அமிலம். பாலுக்குப் பதில் இரண்டிலும் குழாய்த் தண்ணீர். ஒன்றில் தன் அலமாரியில் இருந்த ஐசோ, இன்னொன்றில் ஸ்டோர்ஸ் பாட்டில். மெஷின் சுற்றி நின்றது. ஐசோ விட்ட குப்பியின் கழுத்தில் ஒன்றுமே இல்லை. மற்றதில் எண்ணெய் மாதிரி ஒரு அடுக்கு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதை மேனேஜரின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"சார், இது என்னது?"

"கொழுப்பு."

"உள்ள ஊத்தினது கார்ப்பரேஷன் தண்ணி! தண்ணிக்கு எங்கேர்ந்து சார் வந்துச்சு கொழுப்பு? ரத்தினம் எங்க குழாய்லயும் பால் கறந்தானா? இந்த டெர்ஷியரி வேலையை முடிச்சுட்டுப் போவாது சார், கொழுப்போடயே போய் உக்காந்துக்கும். அதையும் சேர்த்துக் கொழுப்புன்னு அளந்திருக்கான் உங்க டாக் ஆளு. வராத கொழுப்பை வந்துச்சுன்னு எழுதிட்டு, காணோம்னு ஒருத்தன் வூட்டுப் பானையில தேடினீங்களே, வெக்கமா இல்ல?"

கேசவன் மெல்ல, "நான்தான் சார் ஐசோவை அடிச்சேன். சர்டிபிகேட்டுன்னு நெனச்சுட்டேன்" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மேனேஜர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "ஓகே ஓகே. டெக்னிகல் மிஸ்டேக். அவனை நாளைக்கு டூட்டிக்கு வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். கல் உருகவில்லை.

எல்லாரும் போனபின் தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவர் கத்தாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். எழுந்து எட்டிப் பார்த்தேன். அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார்?"

"நல்ல பாட்டில் இங்கதாம்மா இருந்துச்சு, பூட்டுக்குள்ள. டாக்ல என்ன ஊத்தறான்னு ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தா போதும். கேசவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு வீம்பு. அந்த வீம்புக்கு ரத்தினம் வூட்டுப் பானையெல்லாம் தெருவுல வந்துச்சு." குப்பியைக் கையில் வைத்துத் திருப்பினார். "தண்ணிக்கு இல்லம்மா கொழுப்பு. எனக்கு."

மறுநாள் ரத்தினம் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். மேனேஜர் போய், "சாரிப்பா ரத்தினம், உள்ள வா" என்றார்.

"எந்த சாரி?" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். கொழுப்புக்காரர். "காலை மிதிச்சாலும் சாரி, சில்லறை இல்லேன்னாலும் சாரி. இது அதுல எந்த சாரி?"

ரத்தினம் அவரைப் பார்க்கவில்லை, மேனேஜரைத்தான் பார்த்தார். குரல் உயரவில்லை.

"எனக்கு சாரி வாணாம் சார். எங்க தெருவுல வந்து, அத்தினி பேரு பாக்க, எம் பொண்டாட்டி சோத்துப் பானையை மோந்து பாத்தீங்க. முந்தாநேத்துலேர்ந்து அவ தண்ணி புடிக்கக்கூட வெளிய போவல. அதே தெருவுல வந்து சொல்லுங்க, இவன் திருடலன்னு. அப்புறம் நான் வேலைக்கு வரேன்."

மேனேஜர் சிரித்தார். "அங்கெல்லாம் நான் எதுக்கு வரணும்?"

கொழுப்புக்காரர் உள்ளே போனார். லேபைப் பூட்டினார். சாவியைப் பனியனில் மாட்டிக்கொண்டு கேட்டருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவர் அளந்து கையெழுத்துப் போடாமல் ஒரு பாக்கெட் வெளியே போகாது. உள்ளே பால் நின்றது. வெளியே வண்டிகள் நின்றன. டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். வெயில் தகரத்தில் ஏற ஏற மேனேஜரின் முகமும் சிவந்தது. திரிந்துபோனால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது? கடைசியில், "சரி, ஜீப்பை எடு" என்றார். ஜீப்பில் நானும் ஏறிக்கொண்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

மர்பி டவுன் தெருவில் குழாயடியில் நல்ல கூட்டம். ஜீப்பைப் பார்த்ததும் எல்லாப் பேச்சும் நின்றது. ரத்தினம் இறங்கினார், கொழுப்புக்காரர் இறங்கினார், நான் இறங்கினேன். மேனேஜர் இறங்கவில்லை. முன் சீட்டில் சாய்ந்து சிகரெட் பற்றவைத்தார். "நீங்களே சொல்லிடுங்க, டெக்னிகல் விஷயம்தானே" என்றார். அந்த மனிதர் பிறகு பெரிய பெரிய கம்பெனிகளில் பெரிய பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்தார் என்று கேள்வி. எதிலிருந்தாவது ஒருமுறை இறங்கியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

கொழுப்புக்காரர் தெரு நடுவில் போய் நின்றார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து இரண்டு பேர் லுங்கியை மடித்துக் கட்டினார்கள்.

"எல்லாரும் கேளுங்க! ரத்தினம் திருடல! ஒரு சொட்டு எடுக்கல! எடுத்தான்னு சொன்னவன் முட்டாள்! நம்பினீங்க பாருங்க, நீங்களும்தான்! எல்லாத்துக்கும் காரணம் அந்த அமைல்! வேலையை முடிச்சுட்டு ஒழுங்காப் போகாம, கொழுப்போட ஒட்டிக்கிட்டு, இல்லாததை இருக்குன்னு காட்டி, எங்க எல்லாரையும் ஏமாத்திப்புடுச்சு!"

குழாயடியில் குடத்தை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மாள் முன்னால் வந்தார்.

"யாரு சார் அந்த அமலா?"

கொழுப்புக்காரர் வாயைத் திறந்தார். எனக்கு அடுத்து வருவது தெரியும். எந்த அமலா, அமலா இல்லை அமைல், எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று இந்தத் தெரு சாயங்காலம்வரை கேட்டாக வேண்டும். அதற்குள் அந்த அம்மாள் திரும்பிக் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டார்.

"ஆபீசுல வேல செய்யற பொம்பள போலக்கீது. வெண்ணெய அடிச்சுட்டு பழிய இவுரு மேல போட்டுட்டா!"

"அடிப்பாவி! கொழுப்பெடுத்தவ!"

"அப்பவே சொன்னேன், ரத்தினம் அண்ணன் அந்த மாதிரி ஆளே இல்லன்னு!"

ரத்தினத்தின் வீட்டுக் கதவு திறந்தது. மல்லிகா வாசலில் வந்து நின்றார். குடத்தோடு நின்ற அம்மாள் விடுவிடுவென்று அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "மல்லி, நீ ஏன்டி உள்ளயே கெடக்கற? எவளோ செஞ்சதுக்கு நீ ஏன் தலகுனியணும்? வா, தண்ணி நின்னுடும்" என்று இழுத்தார். மல்லிகா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு, குழாயடிக்கு நடந்தார். கூட்டம் ஒதுங்கி அவருக்கு முதலிடம் கொடுத்தது.

கொழுப்புக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். திறந்த வாய் திறந்தபடி இருந்தது. பிறகு மூடிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"ஆமா" என்றார். "அமலாதான்."

நெய் டப்பாவை ஜீப்பிலிருந்து எடுத்துப் போய் ரத்தினத்தின் கையில் கொடுத்துவிட்டு வந்து ஏறினார். திரும்பும்போது நான் கேட்டேன்.

"ஏன் சார் திருத்தலை?"

"திருத்தினா மறுபடியும் யோசிப்பாங்கம்மா. கெமிஸ்ட்ரி புரியலன்னா சந்தேகம் வரும். அமலான்னா உடனே புரியுது."

வருஷா வருஷம் புத்த பூர்ணிமா அன்று மர்பி டவுனில் பாயசம் ஊற்றுவார்கள். கம்பெனியை இழுத்து மூடி, ஆளுக்கொரு பக்கம் சிதறிப்போன பிறகும் ரத்தினம் எங்கள் இரண்டு பேரையும் விடமாட்டார். கொழுப்புக்காரர் தலை நரைத்து, இன்னும் மெலிந்து, டம்ளரோடு ஓரமாக நிற்பார். பாயசத்தில் ஏலக்காய் போதாது என்று யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். அந்தக் குழாயடி அம்மாள் ஒவ்வொரு வருஷமும் மறக்காமல் வந்து கேட்பார்.

"அந்த அமலா புடிபட்டாளா சார்?"

"தேடிக்கினே இருக்காங்கம்மா."

ஒரு பெயரை அவர் தெரிந்தே தப்பாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தெருவில் மட்டும்தான். அதற்காகவே அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.